பேயாக வந்தவனின் குரல்: கொரில்லாஸின் முதல் ஆல்பத்தை முன்வைத்து

2001 மார்ச் 26 அன்று லண்டனில் பார்லோஃபோன் கம்பெனி 'கொரில்லாஸ்' என்கிற ஆல்பத்தை வெளியிட்டது. மொத்தம் 15 பாட்டு. அதில் ராப் வருவது இரண்டே இரண்டு பாட்டில்தான். ஆனாலும் 'ராக் இசையோடு ஹிப் ஹாப்பைக் கலந்து ஜெயித்த பிரிட்டிஷ் குழுவின் முதல் ஆல்பம்' என்றுதான் இன்றுவரை அதைப் பேசுகிறார்கள். உலகம் முழுக்க 70 லட்சம் பிரதிகள் விற்றதற்கும் அமெரிக்காவில் அந்தத் தட்டுக்குக் கதவு திறந்ததற்கும் முதல் காரணம் அந்த இரண்டில் ஒன்றான 'க்ளின்ட் ஈஸ்ட்வுட்'. அதில் ராப் சொல்பவர் கலிஃபோர்னியாவில் ஓக்லண்டைச் சேர்ந்த டெல் த ஃபங்கி ஹோமோசேப்பியன் என்ற கறுப்பினக் கலைஞர். பாட்டின் வீடியோவில் அவர் முகம் இல்லை. ஆல்பத்தின் உறைப்படத்திலும் இல்லை. அவர் குரல் வருகிற நேரத்தில் திரையில் நீல நிறத்தில் ஒரு ஆவி எழும்பி வருகிறது.

இரண்டு பாட்டு பாடியவன் ஒரு முழுத் தட்டுக்கும் அடையாளமாக எப்படி ஆனான், ஆன பிறகும் ஏன் ஆவியாகவே இருந்தான் என்பதைத்தான் இங்கே பேசப் பார்க்கிறேன். தட்டு மோசம் என்று சொல்ல வரவில்லை. சும்மா சொல்லக்கூடாது, நல்ல தட்டு. மோசமான சரக்காக இருந்தால் இவ்வளவு மெனக்கெட வேண்டியதே இல்லை, தூக்கிப் போட்டுவிட்டுப் போய்விடலாம்.

வெள்ளைக்காரன் ராக் இசைக்கும் நமக்கும் என்னய்யா சம்பந்தம் என்று தோழர்கள் சிலர் கேட்கக்கூடும். 1966இல் பிளாக் பேந்தர் கட்சி தொடங்கப்பட்ட ஊர் ஓக்லண்ட். 1972இல் பம்பாயில் தலித் பேந்தர்ஸ் தோழர்கள் தங்களுக்குப் பெயர் எடுத்தது அங்கேயிருந்துதான். அந்த ஊர்க்காரன் ஒருவனின் குரலுக்கு லண்டனில் என்ன நடந்தது என்று விசாரிக்க நமக்கு உரிமை இல்லையென்றால் வேறு யாருக்கு இருக்கிறது?

முதலில் தட்டை உண்டாக்கியவர்களைப் பார்க்கலாம். ஒருவர் டேமன் ஆல்பர்ன், 'ப்ளர்' குழுவின் பாடகர். இன்னொருவர் ஜேமி ஹ்யூலெட், 'டேங்க் கேர்ள்' காமிக்ஸ் வரைந்தவர். இரண்டு பேரும் லண்டனில் ஒரே வீட்டில் குடியிருந்து எம்.டி.வி. பார்த்துக்கொண்டிருந்தபோது தோன்றிய யோசனை இது என்று அவர்களே பல தடவை சொல்லியிருக்கிறார்கள். பாப் இசையில் வருவதெல்லாம் கம்பெனி செய்து வைத்த பொம்மைகளாக இருக்கும்போது நாமும் பொம்மையே செய்வோமே என்பதுதான் விஷயம். நல்ல கேலிதான். ஆல்பம் வந்த அதே மார்ச் மாதத்தில், டி.வி. போட்டி ஒன்றின் மூலம் பொறுக்கிச் சேர்க்கப்பட்ட 'ஹியர்சே' என்கிற குழு பிரிட்டனில் முதலிடத்தில் இருந்தது. அதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஹ்யூலெட் வரைந்த நாலு கார்ட்டூன்களுக்கு மனுசத்தனம் கூடுதலாகத்தான் இருந்தது.

ஆல்பர்னுக்கு ஒளிந்துகொள்ள வேறொரு காரணமும் இருந்தது என்று நினைக்கிறேன். 1995 ஆகஸ்டில் ப்ளரும் ஓயசிஸும் ஒரே நாளில் ஆளுக்கொரு பாட்டை வெளியிட்டன. பத்திரிகைகள் அதை வர்க்கச் சண்டையாகவே ஆக்கின. தெற்கத்தி நடுத்தரவர்க்கப் பையன்களுக்கும் மான்செஸ்டர் உழைக்கும் வர்க்கப் பையன்களுக்கும் நடக்கும் போட்டியாம். அந்த வாரம் விற்பனையில் ப்ளர் ஜெயித்தது, ஆனால் அதற்குப் பிறகு ஆல்பர்ன் மேல் ஒரு முத்திரை விழுந்துவிட்டது. உழைக்கும் மக்களின் உச்சரிப்பை வேண்டுமென்றே போட்டுக்கொண்டு பாடுகிறவர், அசல் இல்லாதவர் என்று. இன்னொருவன் குரலில் பேசுகிறான் என்ற குற்றச்சாட்டோடு அலைந்த ஒருவர் அடுத்து எங்கே போனார் பாருங்கள். தன் முகமே வேண்டாத இடத்துக்குப் போனார். அங்கே யார் குரலிலும் பேசலாம், உச்சரிப்பைப் பற்றி எவனும் கேட்க மாட்டான்.

2001 மார்ச் 22 அன்று லண்டன் ஸ்காலா அரங்கில் கொரில்லாஸ் முதல் கச்சேரி. வாசித்தவர்கள் எல்லோரும் ஒரு பெரிய திரைக்குப் பின்னால் நின்றார்கள். திரையில் கார்ட்டூன்கள் ஓடின. காசு கொடுத்து வந்த கூட்டம் நிழலைப் பார்த்துக் கைதட்டியது. அதே ஆண்டு மெர்க்குரி பரிசுக்கு ஆல்பம் பரிந்துரைக்கப்பட்டபோது, எங்களுக்கு வேண்டாம் என்று விலகிக்கொண்டார்கள். அதையும் ஒரு கார்ட்டூன் பாத்திரத்தின் வாயால்தான் சொல்ல வைத்தார்கள். பரிசை மறுப்பதும் முகத்தை மறைப்பதும் ஆல்பர்னுக்குக் கிடைத்த சுதந்திரம். கம்பெனியும் பத்திரிகையும் சேர்ந்து செய்த 'நட்சத்திர' பிம்பத்திலிருந்து அவர் விடுபட்டார். இதில் எனக்குச் சண்டை இல்லை. என் கேள்வியெல்லாம் அதே திரைக்குப் பின்னால் நின்ற மற்றவர்களைப் பற்றியது.

கார்ட்டூன்களின் கதையைக் கொஞ்சம் விரித்துப் பார்க்க வேண்டும், ஏனென்றால் அரசியல் முழுக்க அங்கேதான் கிடக்கிறது. பாடகன் 2டி, இங்கிலாந்து வெள்ளைப் பையன். அவன் வாழ்க்கையைத் திருப்பிப் போட்டது ஒரு கார் மோதல். பேஸ் கிதார் வாசிக்கும் மர்டாக்கும் இங்கிலாந்துக்காரன்தான், தெருப்பொறுக்கி. கிதார் வாசிக்கும் நூடுல், ஜப்பானியச் சிறுமி. அவள் கூரியர் பெட்டிக்குள் அடைபட்டு வந்து இறங்குகிறாள், சரக்கு மாதிரி. டிரம்மர் ரஸ்ஸல் நியூயார்க் புரூக்ளினைச் சேர்ந்த கறுப்பன். அவன் கண் முன்னால் அவன் கூட்டாளிகள் துப்பாக்கிச் சூட்டில் செத்தார்கள், செத்தவர்களின் ஆவி அவன் உடம்புக்குள் புகுந்துகொண்டது, அதில் ஒரு ஆவிதான் ராப் சொல்கிறது என்று கதை. வெள்ளையனுக்கு விபத்து, கறுப்பனுக்குத் துப்பாக்கி, ஜப்பான்காரிக்குப் பார்சல். உட்கார்ந்து திட்டம் போட்டு இப்படி எழுதினார்கள் என்று நான் சொல்லவில்லை. யோசிக்காமல் எழுதினால் கை எங்கே போகும் என்பதை இது காட்டுகிறது. கறுப்பு வாழ்க்கையைப் பற்றி வெள்ளை வெகுசன மனத்தில் ஏற்கெனவே எழுதிவைக்கப்பட்டிருக்கிற பிரதி ஒன்று இருக்கிறது. அது சாவிலிருந்துதான் தொடங்கும்.

அந்த ஆவிக்குக் கதையில் என்ன பெயர் தெரியுமா? டெல்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். ஆல்பர்ன் குரல் கொடுக்கிற பாத்திரத்துக்கு ஆல்பர்ன் என்று பெயர் இல்லை. அதற்கு 2டி என்று தனிப் பெயர். ஆகவே 2டி என்ன முட்டாள்தனம் செய்தாலும் அது 2டியோடு போச்சு. கச்சேரி முடிந்ததும் ஆல்பர்ன் முகமூடியைக் கழற்றி மாட்டிவிட்டு ஆல்பர்னாக வீட்டுக்குப் போகலாம், அடுத்த வாரம் ப்ளர் பாடகராகப் பேட்டி கொடுக்கலாம். நூடுலின் குரல்களில் ஒன்றான மிஹோ ஹட்டோரிக்கும் அப்படித்தான், அவர் பெயர் நூடுல் இல்லை. ஆனால் டெல்லின் பெயரை மட்டும் கதை அப்படியே எடுத்துக்கொண்டது. உயிரோடு இருக்கிற, சொந்தமாகத் தட்டு போட்டுக்கொண்டிருக்கிற ஒரு கலைஞனின் பெயரில் செத்துப்போன ஒருவனைச் செய்துவிட்டார்கள். கேட்கிற பிள்ளைகளில் பாதிப் பேர் டெல் என்பது ஒரு கார்ட்டூன் பேய் என்றே நினைத்து வளர்ந்தார்கள். மற்றவர்களுக்கு முகமூடி கிடைத்தது. இவருக்குக் கிடைத்தது என்னவென்று சொல்ல எனக்குச் சரியான வார்த்தை வரவில்லை. கழற்ற முடியாத ஒன்று என்று மட்டும் சொல்லலாம்.

நம் ஊரில் பேய் பிடித்தவர்களை உட்கார வைத்து முதலில் என்ன கேட்கிறார்கள்? யார் நீ, எந்த ஊர், எப்படிச் செத்தே, என்ன வேணும். பெயரைச் சொல்லாமல் எந்தப் பேயையும் விட மாட்டார்கள். பேய் தன் பெயரையும் தனக்கு நடந்த அநியாயத்தையும் சபையில் சொல்லிவிட்டுத்தான் போகும். லண்டன் பேயிடம் அப்படி யாரும் கேட்கவில்லை, ஆடச் சொன்னார்கள்.

சரி, கேட்கப்படாத அந்தக் கேள்விக்கு நானே பதில் சொல்லிவிடுகிறேன். டெல்லின் இயற்பெயர் டெரன் டெல்வன் ஜோன்ஸ். ராப் கலைஞர் ஐஸ் க்யூபின் உறவினர். 1991இல் எலெக்ட்ரா கம்பெனியில் முதல் ஆல்பம் போட்டார், 1993இல் இரண்டாவது. அதோடு கம்பெனி கைவிட்டது. ஓக்லண்ட் கூட்டாளிகளோடு சேர்ந்து 'ஹைரோகிளிஃபிக்ஸ்' என்ற பெயரில் சொந்தக் கம்பெனி ஆரம்பித்தார்கள். பெரிய முதலாளி வெளியே தள்ளினால் தெருவில் நின்று அழாமல் தானே அச்சடித்து விற்கிறது என்ற வழி அது, சிறுபத்திரிகைக்காரர்களுக்கு இதைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. 2000இல் 'டெல்ட்ரான் 3030' என்ற ஆல்பம். அதில் தாளமும் ஒலிச்சேர்க்கையும் டான் த ஆட்டோமேட்டர், தட்டுச் சுழற்றல் கிட் கோவாலா. முன்னவர் சான் ஃபிரான்சிஸ்கோவைச் சேர்ந்த ஜப்பானிய அமெரிக்கர், பின்னவர் கனடாவில் வாழும் சீன வம்சாவளியினர். இதே மூன்று பேரும் அடுத்த ஆண்டு கொரில்லாஸ் தட்டில் இருக்கிறார்கள். ஆட்டோமேட்டர்தான் தயாரிப்பாளர். ஆக, கொரில்லாஸ் என்பது ஆல்பர்னும் ஹ்யூலெட்டும் லண்டன் வீட்டில் கண்ட கனவு மட்டும் கிடையாது. அமெரிக்க மேற்குக் கரையில் வெள்ளையரல்லாத கலைஞர்கள் ஏற்கெனவே கட்டிவைத்திருந்த ஒரு பட்டறை அப்படியே லண்டனுக்கு வந்து வேலை செய்திருக்கிறது. வரலாறு எழுதுகிறவர்கள் கனவைப் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். பட்டறைக்கு ஒரு வரி.

இப்போது பாட்டுக்கு வருகிறேன். 'க்ளின்ட் ஈஸ்ட்வுட்' கேட்கிறவர்கள் எல்லோரும் அதன் தாளத்தை ஹிப் ஹாப் தாளம் என்று நினைப்பார்கள். அது ஜப்பானின் சுசூகி கம்பெனி 1981இல் கொண்டுவந்த ஆம்னிகார்டு என்ற சின்ன மின் வாத்தியத்தில், பொத்தானை அமுக்கினால் தானாக ஓடுகிற தாளம். அதை அப்படியே எடுத்து வைத்துக்கொண்டதாக ஆல்பர்னே வாசித்துக் காட்டியிருக்கிறார். அதற்கு மேலே மெலோடிகா, வாயால் ஊதி விரலால் கட்டை அழுத்துகிற வாத்தியம். அந்த ஒலி ஜமைக்காவிலிருந்து வருகிறது, அகஸ்டஸ் பாப்லோ எழுபதுகளில் டப் இசைக்குள் கொண்டுவந்த ஒலி. மெட்டு இத்தாலியக் கௌபாய்ப் படத்தின் இசையை ஞாபகப்படுத்துவதால்தான் அந்தத் தலைப்பு. ஆல்பர்ன் இதில் ஒரு சோம்பேறிப் பல்லவி பாடுகிறார். 'சோம்பேறி' என்பதைக் குறையாகச் சொல்லவில்லை, படுத்துக்கொண்டே பாடுகிற மாதிரியான அந்தக் குரல் அவருக்கு மட்டும்தான் வரும். ஆனால் யோசித்துப் பாருங்கள், அந்தப் பல்லவியும் பொத்தான் தாளமும் மட்டும் ஐந்தரை நிமிடம் ஓடினால் என்ன ஆகியிருக்கும்? அழகான, யாரும் ஞாபகம் வைத்திருக்காத ஒரு பாட்டு ஆகியிருக்கும்.

டெல் உள்ளே வந்ததும் தாளத்துக்கே முதுகெலும்பு முளைக்கிறது. பொத்தான் தாளம் இம்மி பிசகாமல் ஒரே மாதிரி ஓடுகிறது, இவர் அதற்குக் கொஞ்சம் பின்னால் தங்கி, வரியின் கடைசிச் சொல்லை நேரத்துக்குள் தள்ளி, அடுத்த வரியை முன்கூட்டியே தொடங்கி, செத்த தாளத்தை நடக்க வைக்கிறார். இயந்திரம் நேர்கோட்டில் போகிறது, மனிதன் அதைச் சுற்றி வளைந்து வளைந்து போகிறான். ஹிப் ஹாப்பின் சாரமே இதில்தான் இருக்கிறது. நியூயார்க் பிராங்க்ஸில் வாத்தியம் வாங்க வழியில்லாத பிள்ளைகள் அடுத்தவன் தட்டை வைத்துக்கொண்டு செய்தது இந்த வேலையைத்தானே.

சொல்கிற விஷயமும் சாதாரணம் இல்லை. அவருக்குக் கொடுக்கப்பட்ட வேடம் ஆவி. அந்த வேடத்துக்குள்ளிருந்தே அவர் பேசுகிறார். அடைபட்டுக் கிடந்தவன் வெளியே வந்துவிட்டேன் என்கிறார், உங்கள் கண்ணுக்குத் தெரிய மாட்டேன், ஆனால் நீங்கள் ஆடுவது என்னால்தான் என்கிற தொனியில் போகிறது. டிரம்மர் அடிக்கிற ஒவ்வொரு அடிக்கும் உள்ளே இருப்பது தான்தான் என்று உரிமை கோருகிறார். பேய் வேடம் கொடுத்தவர்களுக்குத் தாங்கள் கொடுத்த வசனம்தான் இது என்று தோன்றியிருக்கும். எனக்கு அப்படிக் கேட்கவில்லை. பிரிட்டிஷ் ராக் இசையின் ஐம்பது ஆண்டு வரலாற்றையே ஒருவன் அதன் உடம்புக்குள் நின்று சொல்கிற மாதிரி கேட்கிறது. ரால்ஃப் எலிசன் 1952இல் நாவலாக எழுதிய 'கண்ணுக்குத் தெரியாத மனிதன்' இங்கே ஒரு கார்ட்டூனின் வாய் வழியாக மூன்று நிமிடம் பேசிவிட்டுப் போகிறான். டெல் இதையெல்லாம் நினைத்து எழுதினாரா என்றால், அவர் ரொம்ப லேசாகச் சொல்கிறார். வெற்றிப் பாட்டு எழுதுவது எப்படி என்று ஒரு புத்தகம் படித்துக்கொண்டிருந்தேன், அதில் சொன்னபடி எழுதிப் பார்த்தேன் என்று. தொழில் தெரிந்தவன் பேச்சு அப்படித்தான் இருக்கும்.

இன்னொரு ராப் பாட்டு 'ராக் த ஹவுஸ்'. ஜான் டாங்க்வர்த் ஒரு அறுபதுகளின் படத்துக்குப் போட்ட இசைத் துண்டின் மேல் டெல் விளையாடுகிறார். ஜாலியான பாட்டு, அதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை. கியூபாவின் முதிய பாடகர் இப்ராஹிம் ஃபெரர் பாடும் பாட்டு ஒன்றும் இருக்கிறது, தனியாகப் பேச வேண்டிய குரல். மற்றபடி 'டுமாரோ கம்ஸ் டுடே'யைத் தவிர்த்து ஆல்பத்தின் நடுப்பகுதி எனக்குக் கொஞ்சம் இழுவைதான்.

பிரிட்டனில் இந்த 'கலப்பு'க்கு ஒரு முன்கதை இருக்கிறது. 1958 முதல் 1978 வரை இருபது ஆண்டுகள் பி.பி.சி. டெலிவிஷனில் வெள்ளைப் பாடகர்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டு பாடுகிற 'பிளாக் அண்ட் ஒயிட் மின்ஸ்ட்ரல் ஷோ' நடந்தது. குடும்பத்தோடு உட்கார்ந்து கோடிக்கணக்கான பேர் பார்த்தார்கள். 1967இலேயே இனப் பாகுபாட்டுக்கு எதிரான இயக்கத்தார் நிறுத்தச் சொல்லி மனு கொடுத்தார்கள். அதற்குப் பிறகும் பதினோரு வருசம் ஓடியது. பாப் மார்லியின் பாட்டைப் பாடி 1974இல் அமெரிக்காவில் முதலிடம் பிடித்த எரிக் க்ளாப்டன், 1976இல் பர்மிங்ஹாம் மேடையில் நின்று குடியேறியவர்களை வெளியே அனுப்பச் சொல்லிப் பேசினார். அந்தப் பேச்சு கிளப்பிய கோபத்தில்தான் 'ராக் அகெய்ன்ஸ்ட் ரேசிசம்' இயக்கமே தொடங்கியது. இசை வேண்டும், ஆள் வேண்டாம். ஆல்பர்னும் ஹ்யூலெட்டும் க்ளாப்டன்கள் இல்லை. ஆல்பர்ன் 2002இல் மாலி நாட்டுக் கலைஞர்களோடு செய்த 'மாலி மியூசிக்' தட்டில் அஃபெல் போகூம், துமானி தியாபத்தே பெயர்கள் தன் பெயரோடு சமமாக வரும்படி போட்டவர். அவருக்குப் பெயர் போடத் தெரியும் என்பதால்தான் 2001ஐப் பற்றிக் கேட்கத் தோன்றுகிறது.

பெயரைக் கூட விடுங்கள். 'கொரில்லாஸ்' என்று வைத்தார்களே. எண்பதுகளில் இங்கிலாந்துக் கால்பந்து மைதானங்களில் கறுப்பு ஆட்டக்காரர்களைப் பார்த்துக் கூட்டம் குரங்கு மாதிரிக் கத்தும், லிவர்பூலுக்கு ஆடிய ஜான் பார்ன்ஸ் மேல் வாழைப்பழம் எறிந்தார்கள். அதைப் பார்த்து வளர்ந்த தலைமுறை இது. தங்களைத் தாங்களே குரங்கு என்று சொல்லிக்கொள்வது வெள்ளையனுக்கு வேடிக்கை. ஓக்லண்ட்காரனைக் கூப்பிட்டு அந்தப் பெயர்ப்பலகைக்குப் பின்னால் நிறுத்தும்போது ஒரு நிமிடமாவது யாராவது யோசித்தார்களா என்று கேட்கத்தான் வேண்டியிருக்கிறது.

இதையெல்லாம்விட எனக்கு உறுத்துவது அந்த ஆண்டுதான். 1999இல் மெக்ஃபர்சன் அறிக்கை, ஸ்டீஃபன் லாரன்ஸ் கொலை விசாரணையை வைத்து, லண்டன் போலீஸ் நிறுவனரீதியாகவே இனவெறி கொண்டது என்று எழுதிவிட்டது. 2001 மே முதல் ஜூலை வரை ஓல்டாமிலும் பர்ன்லியிலும் பிராட்ஃபோர்டிலும் கலவரம். இந்த நேரத்தில் வானொலியில் கறுப்பு ராப்பும் வெள்ளைப் பல்லவியும் சமாதானமாகக் கலந்து ஒலிக்கிறது, பல்லினக் கலாச்சாரத்தின் புதிய பிரிட்டன் இதோ என்று பத்திரிகைகள் சந்தோசப்படுகின்றன. சரி, அதே ஊரின் கறுப்புப் பிள்ளைகள் என்ன ஆனார்கள்?

'க்ளின்ட் ஈஸ்ட்வுட்' பாட்டுக்கு முதலில் ராப் சொன்னவர் டெல் இல்லை. இங்கிலாந்தின் லூட்டன் நகரத்து 'ஃபை லைஃப் சைஃபர்' குழுதான் முதலில் பதிவு செய்தது. பிறகு அதை எடுத்துவிட்டு அமெரிக்கக் குரலை வைத்தார்கள். லூட்டன் பதிவு 'ஜி-சைட்ஸ்' என்ற மிச்சசொச்சத் தொகுப்பில் போய்ச் சேர்ந்தது. அமெரிக்கக் கறுப்புக் குரலுக்குச் சினிமா வாசனை உண்டு, உள்ளூர்க் கறுப்புக் குரலைக் கேட்டால் பக்கத்துத் தெரு ஞாபகம் வரும். கலையாக ரசிக்கத் தூரம் தேவைப்படுகிறது என்பதைத் தவிர இதற்கு வேறு விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை. டெல் பதிவுதான் சிறந்தது என்று வாதாடுகிறவர்கள் உண்டு. நானும் அப்படித்தான் சொல்வேன், ஆனால் விஷயம் அதோடு முடியவில்லை.

அதே 2001 ஆகஸ்டில் தெற்கு லண்டன் பாட்டர்சியிலிருந்து 'சோ சாலிட் க்ரூ' என்ற கறுப்பு இளைஞர் கூட்டம் முதலிடத்துக்கு வந்தது. பாட்டின் பெயர் '21 செகண்ட்ஸ்'. கூட்டத்தில் ஆள் அதிகம், ஒவ்வொருவருக்கும் 21 விநாடிதான், அதற்குள் தன் பெயரைச் சொல்லித் தன் வித்தையைக் காட்டிவிட்டு மைக்கை அடுத்தவனிடம் கொடுக்க வேண்டும். இதைவிட நியாயமாக ஒரு பாட்டைப் பங்கு போட முடியுமா? ஒருத்தனுக்கும் முகமூடி இல்லை, எல்லோருக்கும் பெயர். ஆண்டு இறுதியில் அவர்களுடைய நிகழ்ச்சி ஒன்றில் துப்பாக்கிச் சூடு நடந்ததும் நாடு தழுவிய சுற்றுப்பயணம் ரத்தானது. 2003 ஜனவரியில் கலாச்சாரத் துறை அமைச்சர் கிம் ஹவல்ஸ், துப்பாக்கிக் கலாச்சாரத்துக்கு இவர்கள் மேல் பழி போட்டுப் பேசினார். 2005இல் லண்டன் போலீஸ் 'படிவம் 696' கொண்டுவந்தது. இசை நிகழ்ச்சி நடத்துகிறவர்கள் பாடுகிறவர்களின் விவரத்தை எல்லாம் எழுதிக் கொடுக்க வேண்டும். தொடக்கத்தில் என்ன வகை இசை, வருகிற கூட்டம் எந்த இனம் என்றுகூட அதில் கேட்டிருந்தார்கள். 2017இல்தான் அதை எடுத்தார்கள். கார்ட்டூன் ரஸ்ஸலின் நண்பர்கள் துப்பாக்கிக்குப் பலியானது ஒரு சுவாரஸ்யமான கதை. பாட்டர்சிப் பையன் நேரில் வந்து நின்றால் அவனே துப்பாக்கி. முகத்தை மறைத்த கறுப்புக் குரலுக்கு அரங்கம் கிடைத்தது, முகத்தைக் காட்டிய கறுப்புக் குரலுக்குப் படிவம் கிடைத்தது.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 2005 நவம்பரில் மான்செஸ்டர் ஆப்பரா ஹவுஸில் இரண்டாவது ஆல்பத்தை மேடையேற்றியபோது, வந்து பாடிய விருந்துக் கலைஞர்கள் மேல் வெளிச்சம் விழுந்தது, ஆல்பர்ன் நிழலாகவே இருந்தார். இதை ஒரு திருத்தமாகவே எடுத்துக்கொள்கிறேன். அந்த ஆல்பத்தில் டி லா சோல், எம்.எஃப். டூம், ரூட்ஸ் மனுவா எல்லோரும் சொந்தப் பெயரில் வந்தார்கள், யாரையும் ஆவியாக்கவில்லை. 2010 சுற்றுப்பயணத்தில் திரையே போய்விட்டது, எல்லோரும் நேரில் நின்று வாசித்தார்கள். ஆனால் இரண்டாவது ஆல்பத்தில் டெல் இல்லை. கதைப்படி ஆவி ரஸ்ஸலை விட்டு நீங்கிவிட்டதாம். மற்றவர்களுக்கு முகம் கிடைத்த நேரத்தில் பேயை ஓட்டிவிட்டார்கள்.

2018 ஜூலையில் டென்மார்க்கின் ராஸ்கில்டே விழாவில் கொரில்லாஸ் மேடை. 'க்ளின்ட் ஈஸ்ட்வுட்' பாட டெல் நேரில் வந்தார். பாடிக்கொண்டிருக்கும்போதே மேடையிலிருந்து கால் தவறிக் கீழே விழுந்தார். விலா எலும்புகள் முறிந்தன, நுரையீரலில் காயம். கச்சேரி அதோடு நின்றது. ஆஸ்பத்திரியில் கிடந்து தேறி வந்தார்.

2023இல் வந்த 'கிராக்கர் ஐலண்ட்' ஆல்பத்தின் விரிவுபடுத்திய பதிப்பில் 'கேப்டன் சிக்கன்' என்று ஒரு பாட்டு சேர்த்திருக்கிறார்கள். பெரிய பாட்டு ஒன்றும் இல்லை, தமாஷுதான். டெல் ராப் சொல்கிறார், குரல் கொஞ்சம் தடித்திருக்கிறது, தாளத்துக்குப் பின்னால் தங்கி வருகிற அந்தப் பழைய நடை அப்படியே இருக்கிறது. தலைப்புக்குப் பக்கத்திலேயே அவர் பெயரைப் போட்டிருக்கிறார்கள்.